சிப்பிச் சுண்ணாம்பு

வெள்ளை அடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் பின்னறைச் சுவர் காயவில்லை.

தாமரைச்செல்வி முதலில் பழியைத் தூக்கி மழையின் தலையில் போட்டாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து ரெட்டியார்பாளையத்தில் கொடியில் போட்ட துணி காயவில்லை, வாசலில் போட்ட கோலம் நிற்கவில்லை, சுவர் மட்டும் காய்ந்துவிடுமா என்ன? ஆனால் முன்னறைச் சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு மாவாகக் கையில் ஒட்டியது. பின்னறைச் சுவர் ஒட்டவில்லை, வழுக்கியது. விரலை எடுத்தால் விரலோடு ஏதோ மெல்லிசாக இழுபட்டு வந்து, நீண்டு, அறுந்து, மறுபடி சுவருக்கே போனது. வாசம் வேறு. கடற்கரைக்குப் போகவேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டிய தூரத்தில் இருக்கிற வீட்டுக்குள் கடலின் வாசம். மீன் கவிச்சி இல்லை. அலை பின்வாங்கிய பிறகு பாறை இடுக்கில் தேங்கி நிற்கிற ஈரத்தின் வாசம்.

அந்த வாசம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளைச்சாவடியில் கடலை ஒட்டியிருக்கிற சிப்பிப் பண்ணையில் தொட்டி கழுவுகிறவள் அவள். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருவது அந்த வாசத்துக்காகத்தான். தன் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்து இரண்டு முறை குளித்தாள். குளித்துவிட்டு வந்த பிறகும் பின்னறையில் அது இருந்தது.

அந்த அறைக்கு வெள்ளை அடிக்க வேண்டியிருந்ததே சம்பந்தியம்மாள் தனக்கொடியின் வாயால்தான். பெண் பூவிழிக்கு முதலில் தங்கிய கரு மூன்றாம் மாதமே கலைந்துபோனது. ரொம்ப நாள் காத்திருந்து, வேண்டாத சாமியை எல்லாம் வேண்டி, இது தங்கியிருக்கிறது. வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. நாள் குறிக்க வந்த தனக்கொடி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னறை வாசலில் நின்று, வந்திருந்த எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"செவுரு பூரா பூசணம் பூத்துக் கெடக்குது. இதுலயா எம் பேரப்புள்ளயப் போட்டு வளக்கப் போறீங்க சம்பந்தி?"

தாமரைச்செல்வி சிரித்து மழுப்பினாள். வேறென்ன செய்வாள்? வீட்டுக்காரர் பலராமனின் அப்பா மில்லில் வேலை பார்த்த காலத்தில் கட்டிய வீடு அது. மில்லை மூடிய பிறகு அந்தப் பின்னறை வெள்ளை என்பதையே கண்டதில்லை. அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் பண்ணையிலிருந்து அரை வாளி சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திருட்டு இல்லை. மிச்சம் மீதி, கிழிந்த வலை, ஓட்டை டிரம் எல்லாம் வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே வழக்கம். கொட்டப்போகிற சுண்ணாம்புதானே. சிப்பி ஓட்டைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, அடித்தால் பால்போல வெளுக்கும். வீட்டில் யாரையும் தொடவிடாமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளே மட்டையால் இரண்டு கை பூசினாள். தனக்கொடி வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டே பூசினாள்.

அது வெறும் சுண்ணாம்பாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பண்ணையில் சிப்பிக்குஞ்சுகளை வளர்ப்பது பெரிய தொட்டிகளில். குஞ்சு என்றால் கண்ணுக்குத் தெரியாத பொடி. கொஞ்ச நாள் நீந்தித் திரியும். அப்புறம் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தேடும். அதற்காகக் கூரை ஓடுகளைச் சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்துத் தொட்டிக்குள் கட்டித் தொங்கவிடுவார்கள். இருட்டாக இருந்தால்தான் ஒட்டும் என்று மேலே கருப்புத் தார்ப்பாயைப் போட்டு மூடுவார்கள். இந்த வருஷம் அப்படிச் செய்தும் ஒட்டவில்லை. புது ஓடு, புதுச் சுண்ணாம்பு, எல்லாம் சுத்தம். குஞ்சுகள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போய் அடியில் செத்து விழுந்தன. வெள்ளைக்காரத் தெரு ஓட்டல்களில் எலுமிச்சம்பழம் பிழிந்து உயிரோடு விழுங்குகிறவர்களுக்குச் சிப்பி அனுப்ப வேண்டிய முதலாளி குதியாய்க் குதித்தார்.

பண்ணையைப் பார்த்துக்கொள்கிற ராமலிங்கம் சார்தான் வழி கண்டுபிடித்தார். படகுக்காரனை அனுப்பி, சரிந்து விழுந்து கடலில் கிடக்கிற பழைய துறைமுகப் பாலத்தின் தூண்களிலிருந்து, நீருக்கடியில் படிந்திருந்த வழவழப்பைச் சுரண்டி எடுத்துவரச் சொன்னார். சாம்பல் நிறத்தில், கஞ்சியாடை மாதிரி இருந்தது. அதைச் சுண்ணாம்பில் கரைத்து ஓட்டில் பூசித் தொங்கவிட்டார்கள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஓட்டில் இடம் இல்லை.

"சுத்தமான எடத்துல அது உக்காராதும்மா," என்று அவர் விளக்கினார். "இந்த வழவழப்புன்றது கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கூடிக் கட்டுன படலம். ஒரு படலம் கூப்பிடும், ஒரு படலம் வெரட்டும். பழசு ஆவ ஆவ அதுக்கு வலு ஜாஸ்தி. இங்க ஏற்கெனவே வாழ்ந்திருக்காங்க, நீயும் வந்து இருன்னு அது சொல்லும். குஞ்சுக்கு அது கேக்கும்."

பூதக்கண்ணாடிக் கருவியில் அவளைப் பார்க்கச் சொன்னார். பொடியிலும் பொடியான ஒன்று ஓட்டுச் சில்லின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து நாக்குமாதிரி ஒரு காலை நீட்டி, தடவி, நகர்ந்து, மறுபடி நீட்டி, தடவியது. கருப்பாக ஒரு கண் இருந்தது.

"எடம் புடிச்சிப்போச்சுன்னா பசை விட்டு ஒட்டிக்கும். ஒட்டுனா ஒட்டுனதுதான். அப்புறம் கண்ணு எதுக்கு, காலு எதுக்கு? ரெண்டும் தன்னால கரைஞ்சிடும்."

"அய்ய, பாவம் சார்," என்றாள் தாமரைச்செல்வி.

"அதுல என்னா பாவம்? அது கேட்டது கெடைச்சிப்போச்சு."

அந்தச் சுண்ணாம்பின் மிச்சம்தான் பின்னறைச் சுவரில் இருந்தது. சுவர் ஏன் காயவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபோது பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கஞ்சத்தனம் பண்ணப்போய் இரட்டை வேலை. அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

பூவிழி ஓரிடத்தில் நிற்காத பெண். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த அன்றைக்கே வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் நாலு வீட்டில் ஏறி இறங்கி, யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்தடுத்த நாட்களில் அந்தச் சுற்றல் குறைந்தது. மாசமாக இருக்கிற பிள்ளைக்கு அசதி இருக்காதா? மத்தியானம் பின்னறையில் படுத்தாள். பிறகு காலையிலும் அங்கேதான் இருந்தாள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போடச் சொன்னாள். அப்புறம் கட்டிலே வேண்டாம் என்று தரையில் இறங்கி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"செவுரு ஈரமா கெடக்குது, சளி புடிச்சிக்கும்டி. எழுந்து முன்னால வா."

"சில்லுனு நல்லா இருக்குதும்மா."

ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். மாப்பிள்ளை கலைவாணன் போன் செய்தால், "நல்லா இருக்கேன், அப்புறம் பேசுறேன்," என்று சொல்லிவிட்டுப் போனைத் தள்ளி வைத்தாள். முன்பெல்லாம் அவன் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் குசுகுசுப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் தாமரைச்செல்வி வேலையிலிருந்து திரும்பி, காபி டம்ளரோடு பின்னறை வாசலுக்கு வந்து நின்றாள். பூவிழி அவளைக் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வலது காலைத் தூக்கி, வெறும் பாதத்தைச் சுவரில் வைத்துத் தடவினாள். ஓரடி நகர்ந்தாள். மறுபடி தூக்கித் தடவினாள். இன்னும் ஓரடி. மூலைக்கு வந்ததும் பாதத்தை எடுக்காமல் அப்படியே நின்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. மெல்லச் சரிந்து அந்த மூலையில் உட்கார்ந்தாள்.

டம்ளர் சாய்ந்து காபி புடவையில் கொட்டியது. சுட்டது கூடத் தெரியவில்லை.

அன்றைக்கே ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பண்ணையில் அந்தப் பவுடர் பட்ட ஓட்டில் ஒரு குஞ்சும் தங்காது, அது அவளுக்குத் தெரியும். மகளை முன்னறைக்கு விரட்டிவிட்டு, நார் வைத்து, தோள்பட்டை கழன்றுபோகிற வரைக்கும் நான்கு சுவரையும் தேய்த்தாள். மறுநாள் சுவர் காய்ந்து, தொட்டால் மாவாக ஒட்டியது. வாசம் போய்விட்டது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

பூவிழிக்கோ உயிர் போனமாதிரி ஆகிவிட்டது. வீடு முழுக்கச் சுற்றினாள். ஒவ்வொரு சுவராகத் தொட்டாள், கன்னத்தை வைத்தாள், எடுத்தாள். சோறு இறங்கவில்லை. "எங்க இருக்குறதுன்னே தெரியலம்மா," என்று விசும்பினாள். வயிற்றுப் பிள்ளை ஓயாமல் உருள்வது நைட்டிக்கு மேலேயே தெரிந்தது. ஒருநாள் விட்டு மறுநாள் விடிந்து பார்த்தால் முன்னறையில் பாய் காலியாகக் கிடந்தது. பின்னறை மூலையில் பூவிழி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சுவர் மினுமினுத்தது. ஓதம் ஏறுவது போல, செங்கல்லுக்குள்ளிருந்து அது திரும்பி வந்திருந்தது.

அன்று பூவிழி வயிறு நிறையச் சாப்பிட்டாள். அழவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அதைப் பார்த்துத் தாமரைச்செல்வி சந்தோஷப்படக்கூடச் செய்தாள்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னாள். பலராமன் கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் காவலாளி. ஊரூராகப் பஸ்ஸில் வந்து இறங்குகிற நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எதற்கும் அசராத மனுஷன்.

"ஏங்க, அந்த ரூம்பு சரியில்ல. பூவிழிய அவ வூட்டுக்கே அனுப்பிடலாமா?"

"பைத்தியமாடி ஒனக்கு? வளகாப்பு போட்டு அழைச்சிக்கினு வந்த பொண்ண யாராச்சும் பாதியில திருப்பி அனுப்புவாங்களா? வெச்சிக் காப்பாத்த வக்கில்லன்னு அந்தம்மா ஊரு பூரா சொல்லும்."

சொல்லும்தான். தனக்கொடி அதைச் சொல்லும்போது உதடு எந்தப் பக்கம் கோணும் என்பதுகூடத் தாமரைச்செல்விக்குக் கண்முன்னால் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு வீம்புக்கு என்ன விலை என்று அப்போது அவளுக்கு யார் சொல்வது?

புயல் சின்னம் என்று ரேடியோ சொன்ன நாளில் பண்ணைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். கடல் ஏறினால் தொட்டிகள் பாழாகும், ஓடுகளை இடம் மாற்ற வேண்டும். பகல் இருட்டிக் கிடந்தது. தகரக் கொட்டகைமேல் மழை இரைந்தது. ராமலிங்கம் சார் தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார்.

மேல் ஓட்டின் விளிம்பில், தண்ணீருக்கு வெளியே, ஒரு பல்லி இருந்தது.

செத்த பல்லி என்றுதான் முதலில் நினைத்தாள். தட்டிவிடக் கையை நீட்டினாள். அப்புறம் கிட்டப் பார்த்தாள். கால்கள் இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் உடம்பு ஓட்டோடு ஓடாகக் கலந்திருந்தது. கண் இருந்த இடம் வழவழவென்று மூடிப்போயிருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. நிதானமாக. எந்த அவசரமும் இல்லாமல்.

"இது குஞ்சுக்கு மட்டும்தானே சார் கேக்கும்னீங்க?"

"அப்டித்தாம்மா நெனச்சேன்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "மொதலாளிகிட்ட சொன்னேன். வெளச்சல் நல்லா இருக்குது, வாய மூடிக்கினு வேலையப் பாருன்னுட்டாரு."

"நெம்பி எடுத்தா?"

"ஒண்ண எடுத்துப் பாத்தேன். கிழிஞ்சிப்போச்சு."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. செருப்பை மறந்து ஓடினாள். ஈ.சி.ஆர். சாலையில் பஸ் இல்லை. கை நீட்டிய வண்டியெல்லாம் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஈரக்கையால் போனைப் பிடித்துப் பலராமனைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க? வூட்டுக்குப் போனீங்களா?"

"மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனேன். அது அசந்து தூங்குது. நான் எழுப்பல. ஏன்?"

"செவுத்துமேலயா?"

"என்னாடி கேக்குற?"

"ஆட்டோ எடுத்துக்கினு வாங்க. இப்பவே. எவ கோணலா சிரிச்சாலும் சிரிக்கட்டும், எம் பொண்ண அங்கேர்ந்து தூக்கணும்."

தெரு முனையில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்டு இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. தள்ளினாள். முன்னறையில் மழைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. வாசம் முகத்தில் அறைந்தது. முன்னறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளப் போனாள். கை வழுக்கியது. இங்கேயுமா? கையை உதறினாள்.

"பூவிழி."

பின்னறை வாசலுக்குப் போனாள்.

"பாப்பா."

"இங்கதாம்மா இருக்கேன்."

சாதாரணக் குரல். காய் நறுக்கிக்கொண்டே பேசுகிற குரல். தாமரைச்செல்வி உள்ளே நுழைந்தாள். போன் வெளிச்சத்தைப் போட்டாள். வெள்ளைச் சுவர். ஈரம். மூலை. மூலையில் பூவிழி, முதுகும் ஒரு கன்னமும் சுவரில் பதிய உட்கார்ந்திருந்தாள். முகம் நிழலில்.

"எழுந்திரு கண்ணு. அப்பா ஆட்டோ கொண்டாராரு. போலாம்."

"எங்கம்மா?"

"எங்கயாச்சும். ஒன் வூட்டுக்கே போலாம்."

"நான் வர்ல. இங்க நல்லா இருக்குது."

தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பின்னால் எங்கோ சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுக்கும் குஞ்சுக்கும் நடுவில் கத்தியை நுழைக்கும்போது கேட்கிற அதே சத்தம். வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு மெல்ல இறங்கியது.

கையை விட்டாள்.

பண்ணையில் அவள் கத்தியால் நெம்பிய குஞ்சு ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். நைட்டியின் விளிம்பு. விளிம்புக்குக் கீழே தரை. தரை மட்டும். வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்றினாள். உடனே அணைத்தாள். அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பெற்றவள் கண்ணுக்கே தெம்பில்லை. பார்த்தவரைக்கும் போதும். அந்த முகத்துக்கு இனிமேல் வெளிச்சம் தேவையில்லை.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. வலிக்கவே இல்ல."

"வயித்துல... புள்ள?"

பூவிழி யோசித்தாள். இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நிதானமாக. எந்த அவசரமும் இல்லாமல்.

"காலைல பூரா சுத்திக்கினே இருந்துச்சும்மா. ஒதைச்சி ஒதைச்சிப் பாத்துச்சு. மத்தியானத்துலேர்ந்து இல்ல. அதுக்கும் எடம் கெடைச்சிப்போச்சு."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பலராமன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெற்றவள் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டித் தடவித் தடவி மகளின் வயிற்றைக் கண்டுபிடித்தாள்.

சில்லென்று இருந்தது. கல்லாக இருந்தது. நைட்டித் துணிக்கு அடியில் அடுக்கடுக்காக, சொரசொரவென்று, விளிம்பில் விரலை அறுக்கிற கூர்மையோடு இருந்தது. அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே அது மெல்ல, ஒரு நூல் அளவுக்குத் திறந்தது. உள்ளேயிருந்து உப்புத் தண்ணீர் கசிந்து அவள் விரலிடுக்கில் வழிந்தது. பிறகு மூடிக்கொண்டது.